கிரேஸ் வரைபடத்தில் வடக்கு-தெற்குக் கோடுகள்: கோளத்தின் மேல் 'உகந்த வடிகட்டி' என்று ஒன்று உண்டா?

#1 பாலாற்றங்கரை

வணக்கம். நிலத்தடி நீர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பூமியின் ஈர்ப்பு மாறுவதை அளந்த கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடியின் மாதாந்திரக் கோள ஒத்திசைக் கெழுக்களை (கோளத்தின் மேலுள்ள வரைபடத்தை அலைகளின் கூட்டலாக எழுதும் எண்கள்; படி எண் கூடக் கூட அலை நுணுக்கமாகும்), படி எண் 60 வரை, இறக்கிக்கொண்டேன். அவற்றை நீர் உயரமாக மாற்றி வரைபடம் போட்டால் நீர் தெரியவில்லை, வரிக்குதிரை தெரிகிறது. வங்காள விரிகுடா, அரபிக்கடல் என்று எங்கே பார்த்தாலும் வடக்கு தெற்காகக் கோடுகள். கடல் நடுவில் ஒரு கோட்டில் அரை மீட்டர் நீர் கூடுகிறது, பக்கத்துக் கோட்டில் அரை மீட்டர் குறைகிறது.

காஸியன் வடிகட்டி, அதாவது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றுவட்டாரத்தோடு கலந்து சராசரியாக்கும் வட்டமான பூச்சு, போட்டேன். 300 கி.மீ. ஆரத்தில் ஒரு விடை, 400-இல் வேறொரு விடை, 500-இல் எல்லாம் வழுவழு. ஏன் இந்த ஆரம் என்று தேர்வுக் குழுவில் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "எல்லாரும் போடுவதைப் போடு" என்கிறார்கள்.

வீனர் வடிகட்டிதான் உகந்தது, அதில் ஆரத்தை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை என்று படித்தேன். உண்மையா? கோளத்தின் மேல் அதை எப்படிப் போடுவது? எனக்கு வேண்டியது பாலாற்றுப் படுகை, 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததிலிருந்து 2019 வரை.

#2 கோளக்கணக்கு

முதலில் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரியாமல் வடிகட்டி தேடினால் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

இரண்டு செயற்கைக்கோள்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளியில், கிட்டத்தட்ட துருவத்துக்குத் துருவம் போகும் பாதையில் ஓடின. 2002 மார்ச்சில் ஏவியபோது உயரம் 500 கி.மீ. அளவு. அளப்பது இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறுவதை, மைக்ரோமீட்டர் அளவுக்கு. அந்தத் தூரம் எப்போதும் வடக்கு-தெற்காகத்தான் இருக்கிறது. கிழக்கு-மேற்காக ஈர்ப்பு எப்படி மாறுகிறது என்று நேரடியாக அளக்க ஆளில்லை. அப்புறம் ஓதங்கள், காற்றழுத்தம் போன்ற வேகமான மாற்றங்களை மாதிரிகளைக் கொண்டு கழிக்கிறார்கள். அந்த மாதிரிகளில் இருக்கும் பிழை மாதச் சராசரிக்குள் புகுந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் கோடுகள்.

அடுத்தது, படி எண் கூடக் கூட ஏன் மோசமாகிறது என்பது. படி எண் 60 என்றால் அரை அலைநீளம் 333 கி.மீ. நிலத்தில் இருக்கும் அந்த அளவு நுணுக்கம் 500 கி.மீ. உயரத்துக்குப் போவதற்குள் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். (6371 ÷ 6871)-ஐ 61 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள், 0.01 வரும். படி எண் 10-க்கு 0.44 மிஞ்சும். மேலே அளந்ததைக் கீழே கொண்டுவர இதையே திருப்பிப் பெருக்குகிறோம், அதாவது படி எண் 60-இல் கருவியின் பிழையும் நூறு மடங்கு ஆகிறது. அதற்கு மேல், ஈர்ப்பை நீர் உயரமாக மாற்றும் சூத்திரத்தில் (2 × படி எண் + 1) என்று இன்னொரு பெருக்கல் வேறு.

இப்போது வீனர். ஒவ்வொரு கெழுவையும் வ என்ற எண்ணால் பெருக்கப் போகிறோம். வரும் பிழையில் இரண்டு பங்கு உண்டு. நாம் வெட்டியெறிந்த சிக்னல் (1 − வ)² × ச. உள்ளே விட்டுவிட்ட இரைச்சல் வ² × இ. ச என்பது அந்தப் படி எண்ணில் சிக்னலின் சராசரித் திறன், இ என்பது இரைச்சலின் திறன். இரண்டையும் கூட்டி வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன் செய்தால்

வ = ச ÷ (ச + இ)

அவ்வளவுதான். சிக்னல் பெரிதாக இருக்கும் இடத்தில் வ ஒன்றை ஒட்டி இருக்கும், இரைச்சல் பெரிதானால் பூச்சியத்தை ஒட்டும், இரண்டும் சமமானால் சரியாகப் பாதி. ஆரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் ச, இ இரண்டையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

#3 சும்மா_வந்தவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இந்தத் துறை இல்லை. படத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் எடிட்டரில் பிளர் போடுகிறோமே, அதே மாதிரி இந்த வரைபடத்துக்கும் போட்டால் ஆகாதா? எதற்கு ஒத்திசை, கெழு எல்லாம்?

#4 யாழ்_அலைவரிசை

தம்பி, நல்ல கேள்விதான். அட்சக்கோடு-தீர்க்கக்கோடு வரைபடத்தைத் தட்டையான படம் என்று நினைத்துப் பிளர் போட்டால், நிலநடுக்கோட்டில் 1 பாகை அகலம் 111 கி.மீ., 60 பாகை வடக்கில் அதே 1 பாகை 55 கி.மீ. தான். இலங்கைக்கு மேல் வட்டமாகப் பூசும் அதே பிளர், நோர்வேக்கு மேல் ஒடுங்கிய நீள்வட்டமாகப் பூசும். துருவத்தில் என்ன நடக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

கோள ஒத்திசைக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான வடிகட்டியைக் கோளத்தின் மேல் ஓட்டுவதும், ஒவ்வொரு படி எண்ணையும் ஓர் எண்ணால் பெருக்குவதும் ஒன்றுதான். ஒலி, வானொலியில் ஃபூரியே மாற்றம் செய்கிற வேலையை இங்கே இவை செய்கின்றன. நோர்பர்ட் வீனர் போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காகப் போட்ட கணக்கு காலத் தொடருக்கானது. அங்கே நேரம் நகர்ந்தாலும் சிக்னலின் குணம் மாறாது என்று எடுத்துக்கொள்வார்கள். கோளத்தில் அந்த இடத்தில் வருவது, கோளத்தை எப்படித் திருப்பினாலும் குணம் மாறாது என்ற எடுகோள். அது பூமிக்குப் பொருந்துமோ என்று இந்த இழையில் யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

#5 மைக்ரோவேவ்_வானம்

கேட்டுவிடுகிறேன் 🙂

நான் சிஎம்பி பக்கம், அதாவது பெருவெடிப்பின் மிச்சமான மைக்ரோவேவ் பின்னணி. எங்களுக்கு அந்த எடுகோள் ஒரு வரம். வானத்தில் எந்தத் திசைக்கும் தனிச் சலுகை கிடையாது என்பது அண்டவியலின் அடிப்படை. ஆகவே ச என்பதற்குக் கோட்பாடே வளைகோடு தருகிறது. சிக்னல் கிட்டத்தட்டக் காஸியன் என்பதால் வீனர் விடை நேரியல் வடிகட்டிகளில் மட்டும் சிறந்தது என்றில்லை, எல்லா வகையிலும் அதுதான் சிறந்தது. பூமியின் நீருக்கு இந்த இரண்டுமே கிடையாது. அமேசானும் சகாராவும் ஒரே குணம் என்று எந்த நீரியலாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எங்கள் தொல்லை இரைச்சலில்தான். பிளாங்க் விண்கலம் வானத்தை வளையம் வளையமாக வருடியது. அந்த வளையங்கள் எல்லாம் சூரியப் பாதையின் துருவங்களை ஒட்டிக் கூடுகின்றன. அங்கே பலமுறை அளந்ததால் இரைச்சல் குறைவு, மற்ற இடத்தில் அதிகம். போதாக்குறைக்கு நம் பால்வெளி குறுக்கே கிடக்கிறது, அதை மறைத்துவிட்டுத்தான் கணக்கே. வானத்தில் ஓட்டை விழுந்ததும் படி எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். படி எண்ணுக்கு ஓர் எண் என்ற சொகுசு போய்விடும், சூத்திரம் முழு மேட்ரிக்ஸ் ஆகிவிடும்.

பிளாங்குக்கு முந்தைய கோபி விண்கலத்தின் காலத்தில் அது பரவாயில்லை. 1992-இல் அறிவித்த அந்த வரைபடத்தில் மொத்தம் 6144 பிக்சல்தான், மறைத்தது போக நாலாயிரம் சொச்சம். அந்த மேட்ரிக்ஸை அப்போதைய கணினியே தலைகீழாக்கிவிடும். பிளாங்க் வரைபடம், வானத்தைச் சம பரப்புக் கட்டங்களாக்கும் ஹீல்பிக்ஸ் முறையின் 2048 அளவில், 5 கோடிப் பிக்சலுக்கு மேல். பிக்சலுக்குப் பிக்சல் கோவேரியன்ஸ் (எந்த இரண்டு மதிப்புகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணை) எழுதி வைக்கவே 20 பெட்டாபைட் வேண்டும். அதனால் யாரும் எழுதுவதில்லை. கான்ஜுகேட் கிரேடியன்ட் மாதிரி முறைகளில் படிப்படியாக விடையை நெருங்குகிறார்கள்.

உங்கள் கிரேஸில் படி எண் 60 வரை கெழுக்கள் எத்தனை? 61 × 61 = 3721. முழுக் கோவேரியன்ஸும் 110 மெகாபைட், மடிக்கணினியில் அடங்கும். அப்படி இருக்க ஏன் இன்னும் படி எண்ணுக்கு ஓர் எண்ணோடு நிற்கிறீர்கள்? பொறாமையில்தான் கேட்கிறேன்.

#6 கோளக்கணக்கு

நிற்கவில்லை, தாண்டிவிட்டோம். ஆனால் அந்தக் கதை முதலில் அந்த எளிய வீனரிலிருந்துதான் தொடங்குகிறது.

2006-இல் சாஸ்கன், மார்ட்டினெக், ஃபிளெமிங் மூவரும் கிரேஸ் தரவுக்கு இதைச் செய்துகாட்டினார்கள். சிக்னலின் திறன் படி எண் கூடக் கூட ஓர் அடுக்கு விதிப்படி குறைகிறது, அடுக்கு ஏறத்தாழ 1.5. இரைச்சலின் திறனோ மடக்கை அளவில் நேர்கோடாக ஏறுகிறது. இரண்டையும் சூத்திரத்தில் போட்டு வந்த வடிகட்டி, 4 பாகை அதாவது சுமார் 440 கி.மீ. காஸியனை ஒட்டியே இருந்தது. அந்த அடுக்கைச் சற்று மாற்றிப் போட்டாலும் விடை பெரிதாக மாறவில்லை என்றும் காட்டினார்கள். ஆக, ச-வைத் துல்லியமாகச் சொல்லாவிட்டாலும் குடி முழுகாது.

பாலாற்றங்கரை, உங்கள் மூன்று ஆரங்களும் என்ன செய்கின்றன என்று எண்ணிலேயே பாருங்கள். படி எண் 30-இல் 300 கி.மீ. காஸியன் 0.49-ஆல் பெருக்கும், 400 கி.மீ. 0.28, 440 கி.மீ. 0.21. படி எண் 60-இல் 300 கி.மீ. இன்னும் 0.06 விட்டுவைக்கும், 400 கி.மீ. 0.006 தான். கடைசிப் படிகளில் இரைச்சல் சிக்னலைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் அந்த 0.06 கூடக் கோடாகத் தெரிகிறது.

இதுவரை உகந்தது என்றது, எல்லாத் திசையும் சமம் என்று விதித்துக்கொண்ட பிறகு உகந்தது. ஆனால் உங்கள் இரைச்சலுக்குத் திசை இருக்கிறது! கோடுகள் வடக்கு-தெற்காக இருப்பதன் பொருள், ஒரே வரிசை எண் (கிழக்கு-மேற்காக எத்தனை அலை என்ற எண்) உள்ள கெழுக்களின் பிழைகள், படி எண் இரட்டைப்படையோடு இரட்டைப்படை, ஒற்றைப்படையோடு ஒற்றைப்படை என்று சேர்ந்தே ஆடுகின்றன என்பது. 2006-இல் ஸ்வென்சனும் வாரும் கண்டு சொன்னது இதுதான். அவர்கள் அந்தக் கூட்டாட்டத்துக்குப் பல்லுறுப்புக் கோவை பொருத்திக் கழித்தார்கள். வட்டமான காஸியனுக்கு இதெல்லாம் தெரியாது. கோட்டை அழிக்க வேண்டுமானால் எல்லாத் திசையிலும் பூசித்தான் அழிக்கும்.

மைக்ரோவேவ்_வானம் கேட்ட முழு மேட்ரிக்ஸ் வழிதான் டிடிகே. 2007-இல் குஷே போட்ட வழி. சுற்றுப்பாதையின் அமைப்பிலிருந்தே பிழைக் கோவேரியன்ஸைக் கட்டி, சிக்னலுக்கு ஓர் அடுக்கு விதியைக் கொடுத்து, வீனர் சூத்திரத்தை மேட்ரிக்ஸாகப் போடுவது. டிடிகே1 மிக வழுவழு, எண் கூடக் கூட வடிகட்டல் இளகும். டிடிகே1, 2, 3 முறையே 530, 340, 240 கி.மீ. காஸியனுக்கு ஒப்பு என்பார்கள். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் இருக்கும் ஐசிஜெம் தளத்தில் வடிகட்டிய கெழுக்களாகவே கிடைக்கும். நீங்களே மேட்ரிக்ஸ் எழுத வேண்டியதில்லை.

#7 பாலாற்றங்கரை

மிக்க நன்றி ஐயா. டிடிகே3, டிடிகே5 இரண்டையும் இறக்கிப் பார்த்தேன். விரிகுடாவில் கோடுகள் போயே போய்விட்டன. 300 கி.மீ. காஸியனில் கடற்கரையைத் தாண்டி வழிந்த அளவுக்கு டிடிகே5-இல் வழியவில்லை.

ஆனாலும் புரிந்துகொள்வதற்காக ச, இ இரண்டையும் நானே கணக்கிட்டுப் பார்க்க ஆசை. ஒவ்வொரு கெழுவின் காலத் தொடரிலும் ஆண்டுச் சுழற்சி, அரையாண்டுச் சுழற்சி, நேர்கோட்டுப் போக்கு மூன்றையும் பொருத்தினால் அது சிக்னல், பொருந்தாத மிச்சம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளலாமா? சில கட்டுரைகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

#8 கோளக்கணக்கு

உங்கள் வேலைக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் தேடுவது வறட்சி. அது ஆண்டுச் சுழற்சியும் இல்லை, நேர்கோட்டுப் போக்கும் இல்லை. பொருந்தாத மிச்சத்தில்தான் அது இருக்கும். மிச்சம் எல்லாம் இரைச்சல் என்று சொல்லி வடிகட்டியைக் கட்டினால், 2016 வறட்சியைக் குறைத்துக் காட்டு என்று நீங்களே கட்டளை கொடுத்தது போல ஆகிவிடும். வடிகட்டி கீழ்ப்படியும். பிறகு "கிரேஸில் வறட்சி பெரிதாகத் தெரியவில்லை" என்று ஆய்வேட்டில் எழுதுவீர்கள்.

இரைச்சலை அறிய வேறு வழிகள் உண்டு. நீர் அதிகம் மாறாத இடத்தில் பார்க்கலாம்: நடு பசிபிக், சகாரா. ஆனால் பாதைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் அட்சக்கோட்டுக்கு அட்சக்கோடு இரைச்சல் மாறும். 13 பாகை வடக்கில் உள்ள உங்களுக்கு, அதே அட்சக்கோட்டுக் கடல்தான் சரியான சாட்சி. இன்னொரு வழி, கிரேஸ் தரவைக் கணக்கிடும் டெக்சாஸ், ஜேபிஎல், ஜிஎஃப்இசட் மூன்று மையங்களின் விடைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பது. ஆனால் மூன்றும் ஒரே செயற்கைக்கோளின் அளவீடு. பொதுவாக உள்ள பிழை கழித்தலில் காணாமல் போகும், இரைச்சல் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும்.

மாதத்துக்கு மாதமும் மாறும். 2004-இன் பிற்பாதியில் சுற்றுப்பாதை 4 நாளில் 61 சுற்று என்று கிட்டத்தட்ட அதே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடியது. தரையில் இடைவெளி விழுந்து அந்த மாதங்கள் மோசமாக இருக்கும். டிடிகே எல்லா மாதத்துக்கும் ஒரே மேட்ரிக்ஸ்தான். மாதாமாதம் பிழைக் கோவேரியன்ஸை மாற்றிப் போடும் வேடர் என்ற வடிகட்டி பின்னால் வந்தது.

ச பக்கமும் ஒரு வார்த்தை. உலகம் முழுவதற்கும் சராசரித் திறன் எடுத்தால் அதில் அமேசானும் கிரீன்லாந்தும்தான் பேசும், தென்னிந்தியா கேட்காது. 2004 டிசம்பர் சுமத்ரா நிலநடுக்கம் ஈர்ப்பில் ஏற்படுத்திய தாவல்கூட அதில் சிக்னல் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். உலகச் சராசரிப் பிழையைக் குறைக்கும் வடிகட்டி உங்கள் ஊரின் பிழையைக் குறைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

#9 ஏரிக்கரை_பொறியாளர்

நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிலத்தடி நீர்க் கிணறுகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். பாலாற்றுப் படுகை ஏறத்தாழ 18,000 ச.கி.மீ. அதை 300 கி.மீ. ஆரத்தில் பூசிப் பார்த்து என்ன தெரியப்போகிறது? பாலாற்று மணலில் ஊற்று எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க 500 கி.மீ. மேலே போக வேண்டுமா?

#10 கோளக்கணக்கு

பொறியாளர் சொல்வது நியாயம். கணக்கும் அவர் பக்கம்தான்.

படுகையை ஒரு வட்டம் என்று வைத்துக்கொள்வோம், ஆரம் 76 கி.மீ. அதற்குள் மட்டும் 10 செ.மீ. நீர் குறைந்தது, வெளியே ஒன்றுமில்லை. 300 கி.மீ. காஸியன் போட்ட பிறகு வட்டத்தின் நடுவில் தெரிவது 4 மி.மீ.! மீதி சுற்றுவட்டாரத்தில் கரைந்துவிடும். தமிழ்நாடு முழுவதையும் (1,30,058 ச.கி.மீ.) வட்டமாக்கினால் 27 சதவீதம் மிஞ்சும். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றையும் சேர்த்தால் 59 சதவீதம்.

வடமேற்கு இந்தியாவில் ஏன் தெரிந்தது என்பதும் இதிலேயே புரியும். 2009-இல் ராடெல், வெலிகோன்யா, ஃபாமிலியெட்டி வெளியிட்ட ஆய்வில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி சேர்த்து ஆண்டுக்கு 4 செ.மீ., அதாவது 17.7 கன கி.மீ. நிலத்தடி நீர் குறைவதாகச் சொன்னார்கள். 17.7-ஐ 4 செ.மீ.-ஆல் வகுத்தால் பரப்பு 4,40,000 ச.கி.மீ. வரும். அதே வட்டக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். போதாததற்கு, போக்கு ஆறு ஆண்டு ஒரே திசையில் போனது. மாத இரைச்சல் சராசரியில் அடங்கிவிடும்.

#11 ஏரிக்கரை_பொறியாளர்

அப்படிச் சொல்லுங்கள். ஆனால் கிணறு மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வேலூர், ஆம்பூர் பக்கம் கடினப்பாறை. அதில் வடியக்கூடிய நீர் 2 சதவீதம் என்று வைத்தால், கிணற்றில் 5 மீட்டர் இறங்கியது வெறும் 10 செ.மீ. நீர். 1 சதவீதம் என்றால் 5 செ.மீ. அந்த 1-ஆ 2-ஆ என்பது கிணற்றுக்குக் கிணறு சண்டை. கிரேஸ் எடையை நேரடியாக எடுக்கிறது, இந்தச் சண்டை அதற்கு இல்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

#12 மைக்ரோவேவ்_வானம்

கோளக்கணக்கு சொன்ன 4 மி.மீ. விஷயத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வீனர் வடிகட்டி எப்போதும் சுருக்கும். வடிகட்டிய வரைபடத்தின் திறன் ச அல்ல, ச² ÷ (ச + இ). எப்போதும் உண்மையைவிடக் குறைவு. அது பிழையின் வர்க்கத்தைக் குறைக்கக் கொடுத்த விலை.

எங்கள் துறையில் இதை மறந்து அந்த வரைபடத்திலிருந்து திறனை அளந்தால் தவறான அண்டம் கிடைக்கும். அதனால் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றுவோம். திறன் சரியாக வர வேண்டுமா, வ-வின் வர்க்கமூலத்தால் பெருக்கு. வானம் எப்படி இருந்திருக்கக்கூடும் என்று மாதிரிகள் வேண்டுமா, வீனர் வரைபடத்தோடு, அது வெட்டிய அளவுக்குச் செயற்கை ஏற்ற இறக்கத்தைச் சேர். கண்ணால் பார்க்க வேண்டுமா, வீனரை அப்படியே வை. ஈர்ப்பு வில்லை விளைவின் (இடையிலுள்ள நிறை ஒளியை வளைப்பது) பிளாங்க் வரைபடம் அப்படித்தான் வெளிவந்தது. அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் இரைச்சல்தான் அதிகம், வடிகட்டாமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே பாலாற்றங்கரையிடம் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது அழகான வரைபடமா, ஒரு பரப்பின் மொத்த நீரா? இரண்டுக்கும் உகந்த வடிகட்டி வேறு வேறு.

#13 யாழ்_அலைவரிசை

ஓமோம், அதுதான் முக்கியம். நான் ஒரு சோதனை சொல்லுறன், செய்து பாருங்கோ. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரமாக, வடக்கு-தெற்காக நீண்ட ஒடுங்கிய பட்டையில் பருவமழை நீர் தேங்குகிறது. அதன் வடிவமும் உங்கட இரைச்சலின் வடிவமும் ஒன்று. கோடு நீக்கும் வடிகட்டிக்கு இது மழை, அது பிழை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. செயற்கையாக அந்தப் பட்டையில் 20 செ.மீ. நீர் வைத்து, படி எண் 60 வரை கெழுவாக்கி, இரைச்சல் எதுவும் சேர்க்காமல், ஸ்வென்சன்-வார் வடிகட்டி, டிடிகே இரண்டிலும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கோ. எவ்வளவு மிஞ்சுது எண்டு பார்த்தால், எதை நம்பலாம் என்று தெரியும். தேர்வுக் குழுவுக்கும் அந்தப் படமே பதில்.

#14 பாலாற்றங்கரை

ஓட்டினேன் அண்ணா. பட்டை இரண்டிலும் மெலிந்துதான் வருகிறது. ஸ்வென்சன்-வார் முறையில் அடி அதிகம், பக்கத்தில் அரபிக்கடலில் எதிர்க்குறியோடு ஒரு போலிப் பட்டையும் முளைக்கிறது. டிடிகே5-இல் போலி இருக்கிறது, ஆனால் மங்கலாக.

பாலாற்றை விட்டுவிடவில்லை, கேள்வியைப் பெரிதாக்கிக்கொண்டேன். கிருஷ்ணாவுக்குத் தெற்கே உள்ள தீபகற்பம் முழுவதற்கும் மொத்த நீரை கிரேஸிலிருந்து எடுத்து, பாலாற்றுக்குக் கிணறுகளைத் தனியாக வைக்கப் போகிறேன். 2017 நடுவிலிருந்து 2018 நடு வரை தரவே இல்லாத இடைவெளி வேறு என் வறட்சியின் மேலேயே விழுகிறது. அதை இட்டு நிரப்பப் போவதில்லை, வெறுமையாகவே காட்டுவேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். மேஸ்கான் தரவு நேராகக் கட்டமாகவே கிடைக்கிறதே, வடிகட்டி வேண்டாம் என்கிறார்கள், அதற்கு மாறிவிடலாமா? அப்புறம், வடிகட்டி சுருக்கியதைத் திரும்பப் பெருக்க அளவுக் காரணி என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைப் போடலாமா?

#15 கோளக்கணக்கு

மேஸ்கானில் வடிகட்டி இல்லை என்பது விளம்பரம். பூமியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு மாறலாம் என்று முன்கூட்டியே கோவேரியன்ஸ் கொடுத்துத்தான் தீர்க்கிறார்கள். நிலம் வேறு, கடல் வேறு என்று அந்த முன்னனுமானத்திலேயே எழுதிவிடுவதால் கடற்கரையில் வழிவது குறைகிறது. அதாவது இடத்துக்கு இடம் ச மாறும் வீனர். எல்லாத் திசையும் சமம் என்ற எடுகோளைவிட நேர்மையான ஏற்பாடு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஜேபிஎல்லின் துண்டு 3 பாகை அகலம். தளத்தில் அரைப் பாகைக் கட்டமாக இறக்கக் கிடைப்பதைப் பார்த்து அரைப் பாகை நுணுக்கம் இருக்கிறது என்று நம்பிப் பாலாற்றை வெட்டி எடுக்காதீர்கள்.

அளவுக் காரணி வேண்டாம். அது நிலப்பரப்பு மாதிரி ஒன்றை வடிகட்டிப் பார்த்து, எவ்வளவு சுருங்கியது என்று பொருத்தி எடுத்த எண். அந்த மாதிரியில் ஆண்டுச் சுழற்சிதான் பெரிது. ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சியது அதில் சரியாக இருக்காது. மழைக்காலத்துக்குச் சரியான எண்ணைக் கொண்டு வறட்சியைப் பெருக்கினால் எந்தப் பக்கம் பிசகும் என்று சொல்லவே முடியாது.

ஒப்பிடும்போது எதிர்த்திசையில் போங்கள். கிரேஸைப் பெருக்காதீர்கள், மற்றதை வடிகட்டுங்கள். மண் ஈரத்துக்கு ஜிஎல்டாஸ் என்ற நிலப்பரப்பு மாதிரியை எடுத்தால் அதைப் படி எண் 60 வரை கெழுவாக்கி, அதே டிடிகே5-இல் ஓட்டி, பிறகு கழியுங்கள். கிணற்றுத் தரவையும் அப்படியே, தீபகற்பம் முழுவதற்கும் பரப்பி, வெளியே பூச்சியம் வைத்து. இரண்டும் ஒரே மாதிரிச் சுருங்கியிருக்கும், ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஏரிகள், அணைகளின் நீரையும் மறக்காமல் சேருங்கள், நம் பக்கம் அது சில்லறை இல்லை.

படி எண் 2, வரிசை 0 கெழுவை (பூமி துருவங்களில் எவ்வளவு தட்டை என்று சொல்வது) லேசர் அளவீட்டுக் கெழுவால் மாற்றினீர்களா? பூமியின் நிறை மையம் நகர்வதைச் சொல்லும் படி எண் 1-ஐத் தனியாகச் சேர்த்தீர்களா? எந்த வடிகட்டியாலும் அந்த இரண்டையும் சரிசெய்ய முடியாது.

#16 பாலாற்றங்கரை

லேசர் கெழு மாற்றியாயிற்று. படி எண் 1 சேர்க்கவில்லை, இன்றே சேர்க்கிறேன். பொறியாளர் ஐயா, கிணறுகளுக்கு 1 சதவீதம், 2 சதவீதம் இரண்டையும் வைத்துத் தனித்தனியாக ஓட்டப் போகிறேன். ஆம்பூருக்கு மேற்கே எதை வைக்கலாம் என்று தனிமடலில் கேட்கலாமா?

#17 ஏரிக்கரை_பொறியாளர்

தனிமடல் எதற்கு அம்மா, இங்கேயே கேளுங்கள், நாலு பேருக்குப் பயன்படும். கிணற்று ஆழமும் சிதைந்த பாறை எத்தனை மீட்டர் என்பதும் இருந்தால் பட்டியலாகப் போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.